எங்கள் செவன் வண்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் வீட்டிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்த செவன் கார், ஐவிஏ சோதனையில் (சொந்தமாகச் செய்த வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் அரசுச் சோதனை) தேறிவிட்டது. வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏ-விடமிருந்து பதிவெண் வரவேண்டியதுதான் பாக்கி. பலருக்கும் போனில் சொல்லிவிட்டேன் என்றாலும், யார் என்ன செய்தீர்கள் என்பதை எழுதி வைத்தால்தான் எனக்கு மனம் நிறையும்.

ஊரிலிருந்து படிக்கும் சொந்தக்காரர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கிலாந்தில் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன், லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது, பாகங்களாக வாங்கியவர்களுக்குக் கொள்முதல் வரி கிடையாது. 1973-இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமையும் கேட்டரம் நிறுவனத்துக்கு மாறியது. சலுகை போனாலும் பழக்கம் போகவில்லை. செவன் வடிவத்தில் இன்றைக்கும் பல நிறுவனங்கள் கிட், அதாவது பாகங்களின் தொகுப்பு, விற்கின்றன. எங்களுடையது அப்படி ஒன்று. எஃகுக் குழாய்ச் சட்டம். பழைய மஸ்தா எம்எக்ஸ்-5 ஒன்றிலிருந்து எடுத்த என்ஜினும் கியர்பாக்ஸும். பக்கவாட்டில் அலுமினியத் தகடு. மூக்கு, கண்ணாடிக்கு முன்னால் வரும் ஸ்கட்டில், நான்கு மட்கார்டு எல்லாம் ஃபைபர், அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் இறுகவைத்துச் செய்தவை.

என்ஜினைத் தனி ஆளாகவே இறக்கிவிடலாம். அதற்கு வாடகைக்கு கிரேன் கிடைக்கிறது. ஃபைபர் பாகங்களை அப்படிப் பொருத்த முடியாது. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் பென்சிலால் குறிக்க வேண்டும், இன்னொருவர் பத்தடி தள்ளி நின்று “இடது பக்கம் இறங்கியிருக்கு” என்று சொல்ல வேண்டும். இந்த மடல் அந்தக் கைகளுக்கும் கண்களுக்கும்தான்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெரியவர். கவென்ட்ரியின் கார் தொழிற்சாலைகளில் உடற்பாகம் பொருத்துவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்தப் பகுதியை நானே எதிரில் உட்கார்ந்து சொல்லப் போகிறேன். ஃபைபர் பாகங்கள் வந்த அன்றே வெட்டத் துடித்த என்னை நிறுத்தியவர் அவர். “நாலு சக்கரமும் தரையில் நிற்கட்டும், வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இறங்கட்டும். அதற்கு முன்னால் மட்கார்டைத் தொடாதே” என்றார். அப்புறம் சட்டத்தின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, தூக்குக்குண்டு விட்டு, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். கையால் வார்த்த ஃபைபரில் ஒரு விளிம்பு மெலிந்தும் இன்னொரு விளிம்பு தடித்தும் இருக்கும். விளிம்பிலிருந்து அளந்தால் இடமும் வலமும் ஒத்துவராது. இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஸ்கட்டிலை முதலில் வைத்து, அதற்கு ஒப்ப பானெட்டை வைத்து, கடைசியில் மூக்கைச் சேர்ப்பது என்ற வரிசையும் அவர் சொன்னதே. இடைவெளி சீராக வருவதற்காக 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் சிறு சில்லுகள் அறுத்துக் கொடுத்தார். அவற்றைச் செருகி, டேப் ஒட்டி, நிமிர்ந்து பார்த்து, மறுபடி கழற்றி உப்புத்தாளால் ஒரு இழுப்பு. மறுபடி வைத்துப் பார்ப்பது. இந்த வேலையில் பெரும்பொழுது இப்படித்தான் போகிறது. அந்தப் பொழுதில் அவர் ஒருநாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

அடுத்து, நாகப்பட்டினத்தில் இருக்கும் என் சித்தப்பா. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகியபோது படகு பழுது பார்க்கும் வேலையில் இறங்கியவர். எங்கள் பின்பக்க மட்கார்டுகளில் ஒன்று முறுக்கிக்கொண்டு வந்திருந்தது. ரெசின் முழுதாக இறுகும் முன்பே அச்சிலிருந்து எடுத்தால் இப்படி ஆகும். விற்ற இடத்தில் மாற்றித் தர நாளாகும் என்றார்கள். வீடியோ அழைப்பில் அதைப் பார்த்த சித்தப்பா, “இதுக்கா கவலைப்படுறே? படகுல இதைவிட மோசமா வரும்” என்று சிரித்தார். வெந்நீர்த் துணி போட்டு மெதுவாகச் சூடேற்றச் சொன்னார். இளகியதும் மரச்சட்டத்தில் கிளாம்ப் போட்டு நேராக்கி, உள்பக்கத்தை முரட்டு உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, 450 கிராம் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு ரெசினோடு போடச் சொன்னார். உருளையால் காற்றுக் குமிழியை ஓட்டும்போது கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவா என்று கடைசி வரை விடவில்லை.

அவர் கவனித்துச் சொன்ன இன்னொன்றுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். நம் ஊரில் ரெசின் இறுகுவதற்காக கோபால்ட்டும் ஹார்ட்னரும் தனித்தனியாகக் கலப்பார்கள். அவை இரண்டையும் நேரடியாக ஒன்று சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கும். இங்கே நாங்கள் வாங்கிய ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருந்தது. டப்பாவில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொல்லி அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் சித்தப்பா அடுத்த வார்த்தை பேசினார். நாகையின் வெயிலில் சட்டென்று இறுகும் ரெசின் இங்கே குளிரில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும் என்பதால், கொட்டகை 15 டிகிரிக்குக் கீழே போகாமல் ஹீட்டர் வைத்தோம். சித்தப்பா, மட்கார்டு இப்போது உங்கள் படகு மாதிரி திடமாக நிற்கிறது. போட்டோ தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஃபைபர் அறுக்கும் தூசு பொல்லாதது. தோலில் பட்டால் அரிக்கும். நுரையீரலுக்குள் போனால் இன்னும் கெடுதல். என் மனைவி மருத்துவமனையில் செவிலியர். நுண்தூசைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 முகக்கவசம் முகத்தில் சரியாகப் படிகிறதா என்று பார்த்த பிறகே ரம்பத்தைக் கையில் கொடுத்தாள். நீளக்கை சட்டை, மணிக்கட்டைச் சுற்றி டேப், வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் குளியல், அந்தத் துணிகளைத் தனியாகத் துவைப்பது என்று எல்லாம் அவள் வைத்த சட்டம். அதனால் கொட்டகைத் தூசு வீட்டுக்குள் வரவே இல்லை. தள்ளி நின்று பார்க்கும் கண்ணும் பெரும்பாலும் அவளுடையதுதான். ரசமட்டம் சரி என்று சொன்ன மூக்கை “வலது பக்கம் தூக்கியிருக்கு” என்று அவள் சொல்லி, அளந்து பார்த்தால் அவள் சொன்னதே சரியாக இருக்கும். எங்கள் மகள் எந்த போல்ட் எந்த இடத்துக்கு என்று பைகளில் எழுதி ஒட்டி வைத்தாள். இறுதியாகப் பூட்டும்போது எதையும் தேடவில்லை.

சனிக்கிழமைதோறும் வந்த நண்பர்களை ஒன்றாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். கவென்ட்ரிக்குப் பக்கத்து ஸ்டோன்லியில் நடந்த கிட் கார் கண்காட்சியில் தொடங்கிய பழக்கம் இது. போல்ட் பூட்டும் முன் பாகத்தைத் துளை வழியே தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் பின்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்தீர்கள். ஃபைபரின் வழவழப்பான மேற்பூச்சான ஜெல்கோட் சில்லு சில்லாகப் பெயராமல் இருக்க டேப் ஒட்டி, டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுற்றவிட்டுத் தொடங்கும் பக்குவத்தைக் காட்டினீர்கள். போல்ட்டைவிடத் துளை சற்றுப் பெரிதாக, நடுவில் ரப்பர், பின்னால் அகலமான வாஷர், கைக்குப் போதும் என்று தோன்றும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் ஜெல்கோட்டில் நட்சத்திர விரிசல் விழும். எங்கள் வண்டியில் ஒரு விரிசல்கூட இல்லை. அது உங்கள் புண்ணியம்.

சோதனைக்கு முந்தைய வாரம் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து வண்டி முழுக்க உருட்டிப் பார்த்தவருக்குத் தனி நன்றி. அந்த உருண்டை தொடும் விளிம்பு எதுவும் 2.5 மில்லிமீட்டர் வளைவு ஆரத்துக்குக் குறைவாகக் கூர்மையாக இருக்கக் கூடாது என்பது விதி. முன் மட்கார்டின் உள்விளிம்பும் ஒரு தாங்கியின் மூலையும் அப்போது அகப்பட்டன. அரத்தால் மழித்து, ரப்பர் விளிம்பு போட்டோம். சோதனை அதிகாரி அதே இடங்களில் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ரெசின் வாசனையைப் பொறுத்துக்கொண்ட எங்கள் தெரு மக்களுக்கும், வண்ணம் அடிக்கும் முன் அச்சிலிருந்து பாகங்களில் ஒட்டிவந்த மெழுகைப் பொறுமையாக நீக்கிய பெயின்ட் கடைக்காரருக்கும் நன்றி.

சரி, ஒரு வேலை இருக்கிறது. நம் நண்பர் ஒருவருக்கு அடுத்த மாதம் ஃபைபர் பாகங்கள் வந்து சேர்கின்றன. பிடிக்க இரண்டு பேரும் தள்ளி நின்று பார்க்க ஒருவரும் தேவை. பின்களும் பிளைவுட் சில்லுகளும் என்னிடம் இருக்கின்றன, நான் கொண்டு வருகிறேன். சனிக்கிழமை வர முடிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கவென்ட்ரியிலிருந்து உங்கள் நண்பன்