ஒரு தடவையில் காயாத துணி

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில், "ரெண்டு தடவை ஓட்டியும் ஜீன்ஸ் ஈரமாவே இருக்குப்பா, ட்ரையர் போயிடுச்சு போல" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. புது மெஷின் வாங்க அவசரப்படாதே. உன் ட்ரையருக்கு மூச்சு அடைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சூடு மட்டும் துணியைக் காயவைப்பதில்லை. ஈரத்தைச் சுமந்துகொண்டு காற்று வெளியேற வேண்டும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு வழியில் அடைத்தால் ஈரம் உள்ளேயே சுற்றும், சூடும் ஏறும். பஞ்சு சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால்தான் இதை ஒரு கடிதமாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் சல்லடையில் படிந்த பஞ்சை வழித்துப் போடுகிறாய், தெரியும். ஆனால் வாசனைக்குப் போடுகிறாயே ஒரு தாள், அதன் பிசுக்கு சல்லடைக் கண்களில் படிந்துவிடும். பார்த்தால் தெரியாது. சல்லடையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பார். தண்ணீர் தேங்கி நின்றால், வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டு பழைய டூத் பிரஷால் தேய். நன்றாக உலர்ந்த பிறகு செருகு.

அப்புறம், ஈரக்காற்றை வெளியே விடுவதற்கு மெஷினுக்குப் பின்னால் இருக்கும் குழாய். நானே பல வருஷம் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மெஷினைச் சுவரோடு தள்ளி அதை நசுக்கியும் வைத்திருந்தேன். ஏதோ கருகுகிற வாசனை என்று உன் அம்மா இரண்டு நாள் சொன்ன பிறகுதான் கழற்றினேன். ஒரு தலையணைக்குக் காணும் பஞ்சு! நடுவில் உன் சின்ன வயது சாக்ஸ் ஒன்று. அதைத் தேடி நீ அழுதது ஞாபகம் இருக்கிறதா?

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது குழாயைக் கழற்றிச் சுத்தம் செய். உன்னுடையது கேஸில் ஓடுவது என்றால் நீ நகர்த்தாதே, ஆளைக் கூப்பிடு. பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் மாற்றிவிடு. வளையாத உலோகக் குழாய்தான் நல்லது, அதன் உள்பக்கம் வழவழப்பாக இருப்பதால் பஞ்சு எளிதில் தங்காது. இணைப்பில் திருகாணி முடுக்க விடாதே, உள்ளே நீட்டும் முனையில்தான் பஞ்சு முதலில் சிக்கும்.

குழாயே இல்லாத வகை என்றால் தண்ணீர்த் தொட்டியையும், ஈரக்காற்றைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சரையும் கவனிக்க வேண்டும். அதை மெஷினோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்.

ராத்திரி ஓட்டிவிட்டுத் தூங்காதே, வெளியேயும் போகாதே. எண்ணெய் துடைத்த துணியைத் துவைத்த பிறகும் ட்ரையரில் போடாதே. மிச்சமிருக்கும் எண்ணெய் சூடாகித் தானே தீப்பிடிக்கலாம்.

சரி, முதலில் ஒன்று செய். மெஷின் ஓடும்போது வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் இருக்கும் மூடியருகே கையை வைத்துப் பார். மூடி நன்றாகத் திறந்து காற்று வேகமாக வருகிறதா, சும்மா முனகுகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அப்பா