நூறு ஆண்டு தாண்டிய மாலை வகுப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூட்டு அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் கடற்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. தங்கச்சியிடம் சொல்லி உன்னைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறேன். பேத்தியின் பெயர்சூட்டு விழாப் படங்களையும் பார்த்தோம், அப்படியே உன் அம்மா சாயல். இங்கே நாங்கள் நலம். மகன் வேலை மாறிப் பக்கத்து ஊருக்கே வந்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இனி எங்கள் வீட்டில்தான்.

"படகு விட எதற்கடா வகுப்பு, பரீட்சை எல்லாம்? நம் ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. நாகூர் தர்காவின் பெரிய மினாராவையும் கரையில் இன்னொரு அடையாளத்தையும் மனசுக்குள் கோடு போட்டு இணைத்து, தன் இடத்தைத் தெரிந்துகொள்பவர்கள் நம் ஊர் மீனவர்கள். அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பு அது. இங்கே அமெரிக்காவில் நான் படகுப் பாடம் படிக்கும் பவர் ஸ்குவாட்ரன்ஸ் சங்கம் தொடங்கியதற்குக் காரணமே, அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான்.

கதை பாஸ்டன் துறைமுகத்தின் தெற்கு முனையில் இருக்கும் ஹல் என்ற ஊரில் ஆரம்பிக்கிறது. 1910 வாக்கில் பெட்ரோல் எஞ்சின் மலிவாகி, கடலே தெரியாதவர்கள்கூட மோட்டார் படகு வாங்க ஆரம்பித்தார்கள். பாய்மரக்காரர்களுக்குக் காற்றும் நீரோட்டமும் சிறுவயதிலிருந்து பழக்கம். மோட்டார்க்காரருக்கோ எஞ்சினைக் கிளப்பினால் படகு ஓடும், எங்கே ஓடுகிறது என்பதுதான் தெரியாது. பாஸ்டன் யாட் கிளப்பில், அதாவது உல்லாசப் படகுக்காரர்கள் மன்றத்தில், ரோஜர் அப்டன் என்பவர் 1912இல் இந்த மோட்டார் படகுக்காரர்களைக் கூட்டி ஓர் அணி அமைத்தார். கடற்படைக் கப்பல்களைப் போல வரிசையாகப் போவது, கொடிச் சைகை பார்த்து ஒரே நேரத்தில் திரும்புவது என்று பயிற்சி. பார்க்க அழகாக இருந்திருக்கும். மற்ற கிளப்புகளும் ஆசைப்பட, 1914 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் யாட் கிளப்பில் கூடி, யுனைடெட் ஸ்டேட்ஸ் பவர் ஸ்குவாட்ரன்ஸ் என்று நாடு தழுவிய சங்கமாக்கினார்கள்.

அடுத்த சில மாதங்களில் ஐரோப்பாவில் போர். அமெரிக்காவும் 1917இல் போரில் இறங்கியபோது, சிறு கலங்களை ஓட்டத் தெரிந்தவர்கள் கடற்படைக்குத் தேவைப்பட்டார்கள். அணிவகுப்புக்காகக் கூடியவர்கள் அப்போது வாத்தியார்களானார்கள். அன்று கடற்படைத் துணைச் செயலராக இருந்தவர், பின்னாளில் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பயிற்சிக்கு ஒரு கையேடு வேண்டும் என்று அவர் சார்லஸ் சாப்மனைக் கேட்டார். சாப்மன் படகுப் பத்திரிகை ஆசிரியர், சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் எழுதிய கையேடு இன்றும் புதுப்பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது, இங்கே பல படகுகளில் அதை வைத்திருப்பார்கள்.

போர் முடிந்ததும் சங்கம் தேய்ந்தது. மிச்சம் இருந்தவர்கள் அணிவகுப்பை விட்டுவிட்டுக் கற்றுக்கொடுப்பதைப் பிடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் சங்கம் உண்மையில் பிறந்தது அப்போதுதான். தேர்வில் தேறினால்தான் உறுப்பினர் என்று விதி வைத்தார்கள். படகு ஓட்ட உரிமம் வேண்டும் என்று அரசே கேட்காத காலத்தில், தாங்களே தங்களுக்கு ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார்கள் பார், அதை நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடுகிறது. ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது, அன்றும் இன்றும். ஒரு வருடம் நன்றாக உழைத்தால் ஒரு "மெரிட் மார்க்" தருவார்கள். அப்படி 25 சேர்ந்தால் ஆயுள் உறுப்பினர். என் ஆசிரியர் அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டவர், வயது எண்பதுக்கு மேல். பனி கொட்டும் பிப்ரவரி மாலையிலும் வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவார்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்றுதானே கேட்கிறாய்? முதல் பாடமே திசைமானி. பாஸ்டன் பக்கம் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 14 பாகை மேற்கே சாய்ந்து நிற்கும். நேர் கிழக்கே போக வேண்டும் என்றால் ஊசியில் 90 அல்ல, 104 பிடிக்க வேண்டும். மறந்துவிட்டு 90 பிடித்தால் நான்கு மைல் போவதற்குள் ஒரு மைல் தள்ளி நிற்போம். மூடுபனியில் அந்த ஒரு மைலில் பாறை இருக்கலாம். நம் நாகப்பட்டினத்தில் இந்தச் சாய்வு மிகச் சிறியது, அதனால் நீ இதைப் பற்றிக் கவலைப்பட்டே இருக்க மாட்டாய். ஓதமும், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கமும், அப்படித்தான். நம் கரையில் ஒரு மீட்டருக்குக் குறைவாக ஏறி இறங்கும், இங்கே சராசரியாக ஒன்பதரை அடி. காலையில் தாராளமாகக் கடந்த வாய்க்கால் மதியம் சேறாகக் கிடக்கும்.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவாய். கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இங்கே வழிகாட்டும் சிவப்பு மிதவையை வலப்பக்கம் விட வேண்டும். இந்தியாவில் அதே சிவப்பு இடப்பக்கம். உலகமே இப்படி இரண்டு முறையாகப் பிரிந்து கிடக்கிறது. உன் மருமகன் கப்பலில் போகிறவர்தானே, கேட்டுப் பார், கதை கதையாகச் சொல்வார்.

கணக்கு என்றால் நீ பள்ளியிலேயே புலி. உனக்காக ஒன்று: தூரத்தை 60ஆல் பெருக்கினால் வேகத்தையும் நிமிடத்தையும் பெருக்கிய விடை வரும். ஆறு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஆறு கடல் மைலில், இருபது நிமிடம் போனால் இரண்டு கடல் மைல். இந்தச் சூத்திரத்தையும் பென்சிலையும் இணைகோல்களையும் வைத்துக்கொண்டு, 1210 டிஆர் என்ற பயிற்சி வரைபடத்தில் கோடு போட்டுப் பழகினோம். மார்த்தாஸ் வினியார்ட் தீவிலிருந்து பிளாக் தீவு வரைக்குமான கடல் அது. பல தலைமுறை மாணவர்கள் பென்சிலாலேயே அந்தக் கடலில் போய் வந்திருக்கிறார்கள்.

மேல்வகுப்பில் செக்ஸ்டன்ட், வானத்தில் தெரிவதன் உயரத்தைக் கோணமாக அளக்கும் கருவி. முதலில் சூரியன், பிறகு நிலா, கோள்கள், நட்சத்திரங்கள். புத்தகத்துக் கணக்கு போதாது, மாணவர் தானே அளந்து காட்ட வேண்டும். ஹல் ஊரின் நாண்டாஸ்கெட் கடற்கரையில் நின்று காலைச் சூரியனைக் கருவியின் கண்ணாடியில் தொடுவானம் வரை இறக்கி அளப்போம். கோணத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தவறினால் ஒரு கடல் மைல் தவறும். கடிகாரம் நான்கு வினாடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு கலை தள்ளிப்போகும். ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று மகன் கேட்கிறான். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியே இந்தப் பாடத்தை நிறுத்திவிட்டு, சிக்னலை எதிரி கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் 2015இல் திரும்பக் கொண்டுவந்தது. இந்தச் சங்கத்தில் நடுவில் ஒருநாளும் அதை நிறுத்தவில்லை.

எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். பெண்கள் இதே பாடத்தைப் படித்து, இதே தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்கினாலும், முழு உறுப்பினராகச் சேர்ந்தது 1982இல்தான். அறுபத்தெட்டு வருடம்! மேலே பறக்கும் சங்கத்துக் கொடியை ஏற்றும் உரிமை, அந்த நேரத்தில் படகை நடத்தும் உறுப்பினருக்கு மட்டும்தான். எத்தனை மனைவிமார், மகள்கள் படகைப் பத்திரமாகக் கரைசேர்த்திருப்பார்கள், அந்தக் கொடி அவர்களுக்கு இல்லாமலே போயிற்று. இன்று எங்கள் ஊரில் கல்விப் பொறுப்பு முழுவதையும் சுமப்பவர் ஒரு பெண்மணி. நான் பார்த்த ஆசிரியர்களிலேயே பொறுமையானவர்.

பல பத்தாண்டுகளாக இந்தச் சங்கத்தார் அரசின் கடல் வரைபடங்களிலுள்ள பிழைகளையும் கண்டு எழுதியனுப்பி வந்திருக்கிறார்கள். இடம் மாறிய மிதவை, இடிந்த படகுத்துறை, மண்மேடான வாய்க்கால் என்று எல்லாம். அரசு 2025 தொடக்கத்தோடு பழைய காகித வரைபடங்களை நிறுத்திவிட்டது. எல்லாம் மின் வரைபடம். என் ஆசிரியருக்கு அதில் வருத்தம்தான், எனக்கும். ஆனால் இடம் மாறிய மிதவையை யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால்தான் திரையிலும் மாறும்.

சங்கம் சுருங்கிக்கொண்டிருக்கிறது மச்சான், அதை மறைக்க மாட்டேன். பக்கத்து ஊர்க் கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சில ஆண்டுகளுக்கு முன் 'அமெரிக்காஸ் போட்டிங் கிளப்' என்ற பெயரையும் வைத்துக்கொண்டார்கள், இளைஞர்கள் வரட்டும் என்று. இப்போது ஒரு நல்ல திருப்பம். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மோட்டார் படகு ஓட்டப் பாதுகாப்புப் படிப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று 2025இல் சட்டம் வந்திருக்கிறது. 1989 ஜனவரி 1க்குப் பின் பிறந்தவர்களுக்கு 2026 ஏப்ரல் கெடு, மற்றவர்களுக்கு 2028 ஏப்ரல். வகுப்பறை நிறையப் போகிறது. சான்றிதழுக்காக வருகிறவர்களில் பத்தில் ஒருவர் திசைமானிக்காகவும் தங்கினால்கூடச் சங்கம் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். வரும் குளிர்காலத்தில் ஓதப் பாடத்தை என்னை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அதற்காக உன்னிடம் ஓர் உதவி. உன் பக்கத்து வீட்டுப் பெரியவர், நட்சத்திரம் பார்த்தே கோடியக்கரை வரை படகு விட்டவர், இன்னும் தெளிவாகப் பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். எந்தெந்த நட்சத்திரம், எந்த மாதம், கொண்டல் காற்றில் என்ன செய்வார், வாடையில் என்ன செய்வார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்பு. அவர் பேசுவதைப் பதிவு செய்தாலும் சரி. என் வகுப்பில் அதைச் சொல்ல ஆசை. ஆனால் அவர் சம்மதம் கேட்காமல் செய்யாதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பதில் போடு.

உன்
மாப்ளே