படர்தாமரைக்கு முழு மாத்திரையும் துணி உலர்த்த மொட்டைமாடியும் கேட்டு மனு

அனுப்புநர்:
மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வசிக்கும் தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைத் தொழிலாளர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: குடியிருப்பில் பரவும் படர்தாமரை – சிகிச்சையும் அடிப்படை வசதியும் கோருதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து மாற்றிக் குடிவைக்கப்பட்ட குடும்பங்கள் நாங்கள். எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகப் படர்தாமரை பரவியிருக்கிறது. இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று வட்ட வட்டமாக வந்து இரவில் தூங்கவிடாமல் அரிக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் இதற்கென்று யாரும் மனு கொடுப்பதில்லை.

சுத்தமாக இருந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஊரைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறவர்களிடம் இப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். படர்தாமரை பூஞ்சையால் வருவது; ஈரமும் வெப்பமும் இருந்தால் இந்தப் பூஞ்சை வளரும். விடியற்காலையில் பணிக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் பாலியஸ்டர் கோட்டு, கையுறை, கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு மதியம் வரை வேர்வையில் நனைகிறார்கள். பாவாடை நாடா இறுகும் இடத்தில்தான் பலருக்கு முதலில் வருகிறது. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வேறு. வந்ததும் குளிக்கலாம் என்றால் அந்த நேரம் தண்ணீர் வராது. துவைத்த துணியை அறைக்குள்ளேயே கொடியில் போடுகிறோம், மழைக்காலத்தில் மறுநாளும் ஈரம் போகாது. மாற்றுச் சீருடை இல்லாததால் அதையே உடுத்திக்கொண்டு போகிறோம். துண்டும் பாயும் வீட்டில் எல்லோருக்கும் பொது. ஒருவருக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம்.

அரிப்பு தாங்காமல் மெடிக்கலில் கேட்டால் ஒரு டியூபைத் தருகிறார்கள். தடவிய இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். அது அதிலுள்ள ஸ்டீராய்டு செய்யும் வேலை, பூஞ்சை அப்படியேதான் இருக்கும். நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகப் படர்கிறது. தொடர்ந்து தடவியவர்களுக்குத் தோல் மெலிந்து தொடையில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்கிறது. 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் இவற்றை இன்றைக்கும் சோப்பு வாங்குவதுபோல் வாங்க முடிகிறது.

இதற்கிடையே, பூஞ்சைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு எளிதில் அடங்காத 'ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே' என்ற பூஞ்சையும் இந்தியாவில் பரவலாகியிருக்கிறது. பல வாரம் விடாமல் மருந்து சாப்பிட்டால்தான் குணமாகும் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். எங்களுக்குக் கிடைப்பதோ சில நாள் மாத்திரை. மறுபடி வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே, தோல் மருத்துவர் ஒருவர் எங்கள் வேலை முடியும் மதிய நேரத்துக்குப் பிறகு குடியிருப்புக்கே வந்து, ஒரு வீட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படர்தாமரை மாத்திரையையும் அதே வழியில் முழு அளவுக்குக் கொடுக்கலாம். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு பூச்சு விற்பதை மருந்து ஆய்வாளர் சோதிக்க வேண்டும். பணியாளர்களுக்குப் பருத்தியில் இரண்டாவது செட் சீருடை வேண்டும்.

அப்புறம், எங்கள் கட்டடங்களின் மொட்டைமாடிக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது. பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கலாம், எங்களுக்கும் புரிகிறது. பகலில் மட்டுமாவது திறந்துவிட்டு, கைப்பிடிச் சுவரைச் சரிபார்த்து, கொடி கட்ட அனுமதி தந்தால் துணி வெயிலில் காயும். அரசுக்குப் பெரிய செலவும் இல்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இதையும் மருத்துவ முகாமையும் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்பு மக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)