எல்லாத் தாய்மாருக்கும் மேடை வேண்டும்

ஆசிரியருக்கு,

தாய்மையைக் கொண்டாடிய ஃபேஷன் ஷோ என்றால், 2015 மார்ச்சில் மிலானில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான டோல்சே அண்ட் கபானா நடத்தியதுதான் எனக்கு நினைவுக்கு வரும். மாடல் பியாங்கா பால்டி மேடிட்ட வயிற்றோடு கம்பீரமாக நடந்து வந்தார். சிலர் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தார்கள். பிள்ளைகள் கிறுக்கிய படங்களையே உடையில் போட்டிருந்தார்கள். ஒல்லியான பெண்கள் மட்டுமே நடக்கும் மேடையில் இதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அதே மாதம் ஒரு பேட்டி. சோதனைக்குழாய் முறையில் பிறந்தவர்களை 'செயற்கைக் குழந்தைகள்' என்றார் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டொமெனிகோ டோல்சே. பாடகர் எல்டன் ஜான் கொதித்துப்போய், அந்த உடைகளைப் புறக்கணியுங்கள் என்றார். டோல்சே மன்னிப்புக் கேட்க ஆகஸ்ட் ஆகிவிட்டது.

தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பயந்து பயந்து போய், தோற்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பெண்ணைவிட மனவுறுதி யாருக்கு இருக்கிறது? அவள் பிள்ளையைச் செயற்கை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? தாய்மாரை மேடையேற்றும் வடிவமைப்பாளர்கள் இவர்களையும் அழைக்க வேண்டும், தத்தெடுத்து வளர்ப்பவர்களையும்தான்.

– ஒரு வாசகி, திருச்சி