கால் கிராமை எப்படி நிறுப்பது?

மதுரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். திருநகரில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள் எழுதுகிறேன். முறைப்படி பதிவுச் சான்று வாங்கியிருக்கிறேன். "பிரிசர்வேட்டிவ் போட்டா விஷம்தானேக்கா?" என்கிறார்கள் வாங்குகிறவர்கள். "போடலைன்னா பூசணம் பூத்துருமேம்மா" என்கிறார்கள் கடைக்காரர்கள்.

ஊறுகாய் கெடாமலிருக்க நாங்கள் போடும் பிரிசர்வேட்டிவ் பவுடரான சோடியம் பென்சோயேட் விஷமில்லை. அது பென்சோயிக் அமிலத்தின் உப்பு; பட்டையிலும் கிராம்பிலும் அந்த அமிலம் இயற்கையாகவே உண்டு. உடலுக்குள் போவதைக் கல்லீரல் ஹிப்யூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் மறு ஆய்வு செய்தபோதும், ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்றே சொன்னது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 100 மில்லிகிராம். நம் நாட்டு விதிப்படி ஊறுகாயில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை போடலாம், தக்காளி கெச்சப்பில் 750. விதிப்படி போட்ட ஊறுகாயைத் தயிர்சாதத்துக்குப் பத்து கிராம் தொட்டுக்கொண்டால் உள்ளே போவது இரண்டரை மில்லிகிராம்தான்.

என் கவலையெல்லாம் அந்த அளவைப் பற்றித்தான். கிலோவுக்குக் கால் கிராமை எதில் நிறுப்பது? எங்கள் தராசு எலுமிச்சங்காயும் மிளகாய்த்தூளும் நிறுக்க வாங்கியது. அதில் கால் கிராம் தெரியவே தெரியாது. அதனால் பலரும் ஸ்பூனில் அள்ளிப் போடுகிறார்கள். ஐந்து கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போட்டாலே வரம்பு தாண்டிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தெற்காவணி மூலவீதி நகைப் பட்டறைகளில் இருக்கிற மாதிரித் தராசு எங்கள் அடுப்படியிலும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தப் பவுடர் புளிப்பில்தான் வேலை செய்யும். புளிப்பை அளக்கும் பி.எச். எண் கூடக்கூடப் புளிப்பு குறையும்; அது 4.5-க்கு மேல் போனால் பெரிய பலன் இல்லை. இது தெரியாமல் இஞ்சி பூண்டு விழுதிலும் தேங்காய்ச் சட்னியிலும் போடுகிறார்கள். அப்படியும் கெட்டுப்போகிறதே என்று அடுத்த தடவை இன்னும் கூட்டுகிறார்கள். எனக்கு அதிகம் பயம் தருவது இந்தக் கூட்டல்தான். எலுமிச்சையின் வைட்டமின் சி-யோடு பென்சோயேட் சேர்ந்து சூட்டிலும் வெளிச்சத்திலும் கிடந்தால் மிகச் சிறிய அளவில் பென்சீன் என்ற, புற்றுநோய் தரக்கூடிய பொருள் உண்டாகவும் வாய்ப்பிருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பாட்டில்களைக் கடை வாசலில் அடுக்கக் கூடாது என்று கடைக்காரர்களுக்கு நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

ஃபாஸ்ட்ஃபுட் வண்டிகளில் லேபிளே இல்லாத கேன்களில் சிவப்பு சாஸ் வந்து இறங்குகிறது. அதில் என்ன, எவ்வளவு என்று விற்கிறவருக்கே தெரியாது. மாதிரி எடுப்பதை அங்கிருந்து தொடங்குங்கள். முடிவு எதுவானாலும் ஊருக்குத் தெரியும்படி வெளியிடுங்கள்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, பொருளை வாங்கியவர் யாரானாலும் கட்டணம் கட்டி அதைப் பரிசோதிக்கலாம். மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பதிவு பெற்ற சின்னத் தயாரிப்பாளர்களின் சரக்கை வருஷத்துக்கு ஒரு முறையாவது அங்கே சலுகைக் கட்டணத்தில் சோதித்துக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நோட்டீஸோடு வருவதற்கு முன், ஒரு தடவை தராசோடு வாருங்கள். திருநகர், திருப்பரங்குன்றம் பக்கத்து மகளிர் குழுக்களைக் கூட்டி வைப்பது என் பொறுப்பு. அழகர்மலை மாவடு வரத்து தொடங்குவதற்குள் வந்தால், இந்த வருஷ ஊறுகாயையே சரியான அளவில் போட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
திருநகரிலிருந்து ஊறுகாய்த் தொழில் செய்யும் ஒரு பெண்