ஆயில் கசியும் ஷாக் அப்சார்பரை வாரன்டியில் மாற்றித் தர மறுப்பது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் காருக்கு வாரன்டி இன்னும் முடியவில்லை. முன்பக்க இடது ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறது. மாற்றித் தரச் சொன்னால், "ஓட்டுவதற்கு ஒன்றும் பிரச்சினை இல்லை, சொகுசுதான் கொஞ்சம் குறையும்" என்கிறது உங்கள் சர்வீஸ் சென்டர். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

வேகத்தடை ஏறி இறங்கியதும் வண்டியின் முன்பக்கம் உடனே அடங்காமல் மேலும் கீழும் ஆடுகிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே இடது பக்கம் 'டொக்' என்று சத்தம். டயரில் காற்று அதிகம் என்றார்கள், குறைத்தும் மாறவில்லை. அப்புறம் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது) செய்து, இரண்டுக்கும் பணம் வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது.

வண்டியை லிஃப்டில் ஏற்றியபோது நானே கிட்டப் போய்ப் பார்த்தேன். ஷாக் அப்சார்பரின் மேலிருந்து அடிவரை ஆயில் வழிந்து, அதன்மேல் மண் அப்பிக் கறுத்துப் போயிருந்தது. துணியால் துடைத்த இடத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்து வந்ததும் மறுபடி ஈரம். "லேசான ஈரம் எல்லா வண்டியிலும் இருக்கும்" என்றார் அட்வைசர். ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல் பக்கத்தில் மெல்லிய படலம் இருப்பது இயல்புதான். ஆனால் அடிவரை வழிவது கசிவு.

சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அது உடனே திருப்பித் தள்ளும். தடுக்க ஆளில்லை என்றால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் நகரும்போது ஆயில் சிறு துளைகளிலும் வால்வுகளிலும் பிதுங்கிப் போகவேண்டியிருப்பதால், ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. ஆயில் குறைந்தால் பிஸ்டனுக்கு அந்தத் தடை கிடைக்காது.

வண்டியின் உடல் நொடிக்கு 1 அல்லது 2 தடவை ஆடுவது நமக்குத் தெரிகிறது. சக்கரம் நொடிக்குச் சுமார் 10 தடவை துள்ளுவது உள்ளே இருப்பவருக்கு வெறும் அதிர்வாகத்தான் தெரியும். துள்ளும் ஒவ்வொரு முறையும் டயர் சாலையை அழுத்துவது குறைகிறது. அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் பிடிமானம் எங்கிருந்து வரும்? மேடுபள்ளமான சாலையில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடத்தானே செய்யும்? இதைச் சொகுசுக் கணக்கில் சேர்ப்பது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

சக்கரம் இப்படித் துள்ளுவதற்கான அடையாளம் டயரிலேயே இருக்கிறது. அலைன்மென்ட் கோளாறு என்றால் ஒரு பக்க ஓரம் சுற்றிலும் ஒரே மாதிரி தேயும். என் இடது டயர் திட்டுத்திட்டாக, குழி விழுந்த மாதிரி தேய்ந்திருக்கிறது. வலது டயர் சீராக இருக்கிறது.

கடைசியில் "தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது" என்றார்கள். பிரேக் பேட் என்றால் சரி, அது தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. இவ்வளவு சீக்கிரம் சீல் விட்டுப்போவதை எப்படித் தேய்மானம் என்று சொல்ல முடியும்? எங்காவது மோதியிருந்தால் தண்டு வளைந்திருக்கும், உருளை நசுங்கியிருக்கும், இரண்டும் இல்லை. ஆனாலும் வண்டியின் குறைகளையும் செய்த வேலைகளையும் குறிக்கும் ஜாப் கார்டில் "சோதித்ததில் குறை இல்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் ஜோடியாக வாரன்டியில் மாற்றித் தாருங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது. கூடவே ஷாக் அப்சார்பரை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் மவுன்ட்டையும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும் சோதித்து, கசிவை ஜாப் கார்டில் பதிவு செய்யவேண்டும். தேவையில்லாமல் செய்த அலைன்மென்ட், பேலன்சிங் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும். மறுப்பதாக இருந்தால், எந்த வாரன்டி விதியின்படி என்று 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அது எனக்குத் தேவைப்படும்.

கசிவு, டயர் ஆகியவற்றின் படங்களையும் ஜாப் கார்டு, ரசீது நகல்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்