ஆயில் கணக்கு

ஏற்காடு

அன்புள்ள நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் விமானப் பராமரிப்புப் பணியில் சேர்ந்த செய்தி, அதே வேலையில் காலமெல்லாம் கழித்த எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இங்கே காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டதால், மலையிறங்கி வந்து நேரில் பேச முடியவில்லை. படித்த பெண்ணை, ஒவ்வொரு விமானம் வந்ததும் என்ஜினுக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினோம் என்று எழுதி வைக்கச் சொல்கிறார்களே, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால், தொடக்கத்திலேயே அவளுக்கு மிக நல்ல வேலை கிடைத்திருக்கிறது.

சங்ககிரியில் உங்கள் பட்டறைக்கு வரும் லாரி ஆயில் குடிக்கிறது என்றால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்குமோ என்று பார்க்கிறீர்கள். ஜெட் என்ஜினில் பிஸ்டன் கிடையாது. ஆயில் பேரிங்குகளையும் கியர்பாக்ஸையும் குளிர்வித்துவிட்டு மறுபடி டேங்குக்கே வந்துவிடும். ஆயிலைத் தடுத்து வைக்கும் சீல்களைத் தாண்டிக் கசிவதும், காற்றோடு கலந்து வெளியேறுவதும்தான் இழப்பு. மணிக்கு 0.15 லிட்டர் என்று மாதக்கணக்கில் செலவழித்துவந்த என்ஜின் 0.3 லிட்டருக்கு ஏறினால், உற்பத்தியாளர் வகுத்த வரம்புக்குள் அது இருந்தாலும்கூட, ஏன் இரட்டித்தது என்று அன்றைக்கே தேட வேண்டும். வரம்பைத் தொடும்வரை காத்திருப்பதைப் பராமரிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே பயணத்தில் பறந்த மறுபக்கத்து என்ஜினின் கணக்கு மாறாமல் இருந்தால், சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

ஆயில் குறையாமல் இருப்பதும், அதைவிடக் கூடுவதும் நல்ல செய்தி அல்ல. எரிபொருளைக் கொண்டே ஆயிலைக் குளிர்விக்கும் கூலரில் குழாய் விரிசல் விட்டால், அழுத்தம் மிகுந்த எரிபொருள் ஆயிலுக்குள் புகுந்துவிடும். டேங்க் மூடியைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் வாடை வீசும்.

அளவு பார்க்கும் நேரத்தை அவள் ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. என்ஜினை நிறுத்தி 5 நிமிடம் கழித்து, 30 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது சில என்ஜின்களுக்கான விதி. வகைக்கு வகை இது மாறும். நேரம் கடந்தால் ஆயில் மெல்ல கியர்பாக்ஸுக்குள் இறங்கி, டேங்கில் அளவு காட்டும் கண்ணாடியான சைட் கிளாஸில் குறைந்துபோனதாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் டேங்கும் அளவு மீறும், பல நாள் கணக்கும் கெடும்.

கணக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் அவள் நினைத்துவிடக் கூடாது. 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தலைநகர் நாசோவுக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில், உலோகத் துகள் பிடிக்கும் சிப் டிடெக்டர்களை, கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங் இல்லாமல் மாட்டிவிட்டதால், மூன்று என்ஜின்களிலும் ஆயில் வடிந்துபோயிற்று. மற்ற இரண்டும் நின்றுபோகவே, முதலில் அணைத்த என்ஜினையே மறுபடி இயக்கி, 172 பேரையும் மயாமியில் பத்திரமாக இறக்கினார்கள். ஒரே பயணத்தில் நேரும் இத்தகைய கோளாறை எந்தப் பதிவேடும் முன்கூட்டிச் சொல்லாது. மாட்டும் கைதான் கவனமாக இருக்க வேண்டும். மெல்லத் தேயும் சீலையும் பேரிங்கையும் பொறுத்தவரை கணக்கு பெருந்துணை. இரண்டே என்ஜின்களுடன் நெடுந்தூரம் கடல் கடக்கும் விமானங்களுக்கு ஆயில் செலவைத் தொடர்ந்து கண்காணிப்பதைக் கட்டாயமாக்கியிருப்பதும் அதனால்தான்.

ஆயில் ஊற்றத் தேவைப்படாத நாளிலும் 'பூஜ்யம்' என்று எழுதச் சொல்லுங்கள். வெற்றிடமாக விட்டால், ஊற்றவில்லையா, பார்க்கவே இல்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அவள் பார்க்கும் என்ஜின் எந்த வகை என்று எழுதினால், அதற்கேற்ப மேலும் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்